தாலந்தும் சேமலாப நிதியும்

கொம்பனித்தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர். கணினி வந்தபோது இளையவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சைப் பழகிக்கொண்டவர். அண்மையில் ஓய்வுபெற்றதும் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியை, பெரும் வட்டி தருவதாகச் சொன்ன ஓரிடத்தில் வைப்பிட விரும்பினார். "தாலந்தைப் புதைத்தவனைத்தானே எசமான் கண்டித்தார்?" என்பது அவருடைய வாதம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தாலந்தை இன்று திறமை என்றே பொருள்கொள்கிறோம். அன்று அது வெள்ளியின் நிறை. ஏறக்குறைய 6,000 நாட்கூலி. அதாவது இருபது ஆண்டு உழைப்பு. நமது சேமலாப நிதியும் அத்தகையதே.

பயந்து புதைப்பது காப்பாற்றாது என்பது மெய். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதமானபோது அலுமாரிக்குள் இருந்த பணமும் தேய்ந்தது. ஆயினும் 2008இல் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது, கூடிய வட்டியை நம்பியவர்களின் வைப்புகள் சிக்குண்டதையும் இந்நகரம் கண்டது.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "கணினியை விளங்கிக்கொண்ட பின்னரே வேலையில் இறங்கினீர்கள். இந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் அவ்வாறே விசாரியுங்கள். விசாரிப்பது அவிசுவாசம் அன்று. உவமையின் எசமானும், குறைந்தபட்சம் வட்டிக்காரரிடமாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறார்."

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கவில்லை. பணம் இப்போது வங்கியொன்றில் நிலையான வைப்பில் உள்ளது. வட்டி சிறிது, பேரனின் கணினி வகுப்புக்கு அது போதுமாம்.