யார் வீட்டுப் பிள்ளை?

மாற்று வீட்டுக்கான அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்று அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பெரும்பாக்கம். பிளாக் எண், மாடி எண், கதவு எண். ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டி எங்கள் வீடு. 2015 டிசம்பர் வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு என் தோளுக்கு மேலே இருக்கிறது. ஆற்றங்கரையின் ஆபத்தை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. "அந்த ஏரியாவுக்கா? வயசுப் பொண்ண வெச்சிக்கினு எப்டிடி போறது?" என்றாள்.

அந்த ஏரியாவுக்கு அப்படியொரு பெயர். கத்தி, கஞ்சா, போலீஸ். சொன்னவர்களிடமெல்லாம் ஒன்று கேட்டேன்: "நீங்க அங்க இருந்திருக்கீங்களா?" ஒருவரும் இருந்ததில்லை. "கண்ணகி நகர் மாதிரிதான்" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். பார்க்காத ஊருக்கு இன்னொரு பார்க்காத ஊர் சாட்சி. இந்தக் கெட்ட பெயர் எங்கே பிறந்தது என்று தெரியாமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலகத்தில் தொடங்கினேன். இந்த வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் பிறந்தது 1970ல், கலைஞர் முதல்வராக இருந்தபோது. 1971ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே சென்னையில் 1,202 பகுதிகளைக் குடிசைப் பகுதிகள் என்று அறிவித்தார்கள். 1985ல் மேலும் 17. வாரியம் முதலில் கட்டிய வீடுகள் பலவும் மக்கள் இருந்த இடத்திலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில் எழுந்தவை. கடற்கரையில் நொச்சி நகர் அப்படித்தான் வந்தது. குடிசை மாடி வீடானது. கட்டுமரம் கரையிலேயே நின்றது. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கம் மனைகள் பிரித்துக் கொடுத்தார்கள். 2000ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது. ஆறும் சாலையும் ரயிலும் இடம் கேட்டபோதெல்லாம் நகரத்து நடுவிலிருந்தவர்கள் அங்கே போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் கண்ணகி நகரில் 23,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்திலும் அதே அளவு. 2021ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஊரின் பெயர் மாறவில்லை.

காகிதம் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கண்ணகி நகரில் 2020ல் பெரிய பெரிய முகங்களைச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். அந்த முகங்களில் ஒன்றின் நிழலில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா ஒருவர் என்னை உட்காரவைத்தார். தொடக்க வருஷங்களில் வந்தவர்.

"வந்தப்ப தண்ணி லாரிதான். ராத்திரி பஸ்சு கெடையாது. ஆம்பளைங்களுக்கு வேல அங்க, வீடு இங்க. வயசுப் பசங்க பாதி பேரு படிப்ப வுட்டானுங்க. அதவுடு, சமாளிச்சிருப்போம். ஆனா எங்க தெருவ ஒண்ணா வுடல. குலுக்கல்ல எடுத்தாங்க. எனக்கு ஒரு பக்கம், எங்க அண்ணிக்கு ஒரு பக்கம். பக்கத்து வூட்ல யாருன்னே தெரியாது. ஒரு பையன் தப்பு பண்ணா யாரு போயி கேப்பா? அவன் யார் வூட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சாத்தான கேக்க முடியும்?"

நான் தேடிப் போனது அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. எங்கள் கரையில் பூட்டு இல்லாத வீடுகள் உண்டு. புது முகம் ஒன்று நுழைந்தால் மூன்றாவது வாசலுக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நீ யார் வூட்டுப் புள்ள?" அந்தக் கேள்விதான் எங்கள் காவல். அதைக் கேட்கத் தெரிந்த ஆயாக்களைத் திசைக்கொருவராகப் பிரித்து ஆயிரக்கணக்கான கதவுகளுக்குப் பின்னால் வைத்த பிறகு, இருட்டிய படிக்கட்டு யாருடையதும் இல்லாமல் போனது. முதலில் போனது அக்கம்பக்கம். கெட்ட பெயர் அதற்குப் பின்னால் வந்தது. ஒருமுறை வந்ததும் அதுவே வளர்ந்தது. அக்காவின் மகள் வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் சித்தி வீட்டு விலாசத்தைத்தான் எழுதினாளாம். ஆனால் 2025ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அதில் ஆடிய பெண்ணைத் தமிழ்நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கொண்டாடியது. அன்றைக்கு இந்தத் தெருவில் அழாத பெண் இல்லை என்றார் அக்கா.

திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நஷ்டத்தையும் மறைக்கவில்லை. அம்மா விடிவதற்கு முன்பே மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பவள். பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். முதல் பஸ் பிடித்தாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். அம்மா வெகுநேரம் சுவரிலிருந்த கோட்டையே பார்த்தாள். பிறகு, "தனியா போனாத்தான பயம்" என்றாள்.

மறுநாள் எங்கள் சந்தில் ஆர்டர் வாங்கிய 19 குடும்பங்களும் சேர்ந்து ஒரே மனு எழுதினோம்: வருகிறோம், ஒரே பிளாக்கில் வையுங்கள். நான்கு முறை அலைந்தோம். 13 குடும்பங்களுக்கு ஒரே பிளாக் கிடைத்தது. ஆறு குடும்பங்கள் வேறு பிளாக்குகளுக்குப் போயின. அந்த ஆறு வீட்டுக் கதவு எண்களையும் அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறாள். மீன் வேலை வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. அது சரியாகவில்லை, எப்போது சரியாகும் என்றும் தெரியவில்லை.

குடிவந்த மூன்றாம் நாள் மாலை லிப்ட் ஓடவில்லை. படியேறும்போது, நான்காவது மாடித் திருப்பத்தில் இருட்டில் ஒரு பையன் நின்றிருந்தான். என் கை தானாகப் பையை இறுக்கியது. அம்மா அவன் முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "நீ யார் வூட்டுப் புள்ளடா?"

அவன் கொஞ்சம் திகைத்தான். தன் அம்மாவின் பெயரைச் சொன்னான். பிறகு, "சத்தியவாணிமுத்து நகர், ஆயா" என்றான்.

அந்த நகரும் கூவம் கரையில்தான் இருந்தது. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது இவன் சின்னப் பையனாக இருந்திருப்பான். அம்மா அவன் தலையைத் தடவி, கையிலிருந்த காய்கறிப் பையை அவனிடம் கொடுத்தாள். அவன் எங்களுக்கு முன்னால் படியேறினான்.