காத்து ஊரில் ஒரு ஸ்டால்!

புராஜெக்ட் தொல்லை தாங்காம மேலூர்ல பஸ் ஏறி, மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூருக்கு எஸ்கேப்! 'வாதம்'னா காற்று. ஊர் பேர்லயே காத்து இருக்கு, பஸ்ஸுக்குள்ளதான் இல்லை!

திருமறைநாதரைக் கும்பிட்டுட்டு கண்மாய்க் கரையில உட்கார்ந்தா, ஜிலுஜிலு காத்து. கூடவே புராஜெக்ட் ஞாபகமும் வந்துடுச்சு. ஜெட் இன்ஜின் ஃபேன்ல, காற்று தப்பான கோணத்தில் வந்தா பிளேடோட முதுகில் ஒட்டாம பிய்ச்சுக்கும். அதுதான் 'ஸ்டால்'. அந்த இடைவெளி அடைபட, காற்று ரெண்டு பக்கமும் ஒதுங்கும். ஒருபக்க பிளேடு அடுத்து மாட்டும். மறுபக்க பிளேடு பிழைச்சுக்கும். இப்படியே அடைப்பு பிளேடு பிளேடா தாவி வட்டமடிக்கும்.

நான் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு பிளேடை வரைஞ்சு, 'மத்ததும் இதே மாதிரிதான்'னு சொல்லிட்டேன். அங்கதான் கோட்டை விட்டேன். எல்லாம் ஒரே மாதிரின்னா, எல்லாம் சேர்ந்தேதான் ஸ்டால் ஆகும். வட்டமடிக்கிற அடைப்பு சிக்கவே சிக்காது! முழு வட்டத்தையும் வரையணும்.

பெங்களூரு ஜி.டி.ஆர்.இ. உருவாக்கி, 2010-ல் ரஷ்யாவில் இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்ட காவேரி இன்ஜினுக்கு ஃபேன் மட்டுமே மூணு அடுக்கு. எனக்கு ஒரு அடுக்குக்கே லேப்டாப் மூச்சு வாங்குது.

கரையிலேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். முழு வட்டம் ஓடி முடியறதுக்குள்ள சப்மிஷன் தேதி தாண்டிடும்போல!