நித்திரையா, தூக்கமா?

வெள்ளவத்தையில எங்கட வீட்டில ஆரும் தூங்கப் போறதில்லை, நித்திரைக்குத்தான் போவம். காலி வீதி பஸ்ஸில தலை ஆடி ஆடிப் பக்கத்து ஆளின்ர தோளில விழுகிறது மட்டும்தான் ‘நித்திரை தூங்கிறது’. அதுதான் சரியும்கூட. பழந்தமிழில தூங்குதல் என்றால் தொங்குதல், ஆடுதல். தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது கூடு தொங்குறதாலதான், அது சோம்பேறி என்பதால இல்லை.

இங்கிலிஷில எனக்குப் பிடிச்சது ஒரு சோடி. கண் சொருகேக்க வாற அரைமயக்கம் ‘ஹிப்னகோஜிக்’. பிரெஞ்சுக்காரர் அல்பிரட் மோரி 1848இல அதைப் பற்றி எழுதினார். முழிப்பு வரேக்க கனவு ஒட்டிக்கொண்டு நிக்குமே, அது ‘ஹிப்னபொம்பிக்’. அது பிறகு ஃபிரெடரிக் மையர்ஸ் உண்டாக்கினது. ரெண்டிலயும் கிரேக்க நித்திரைக் கடவுள் ஹிப்னோஸ் இருக்கிறார். முதலாவது உள்ளே கூட்டிக்கொண்டு போகும், மற்றது வழியனுப்பி வைக்கும். டாக்குத்தர்மாரைத் தவிர ஆரும் பாவிக்கிறதில்லை, பாவம்.

எங்களிட்டயும் அனந்தல் இருக்கு, கண்வளர்தல் இருக்கு. துஞ்சுதல் ஒரு படி மேல: உறங்கினாலும் துஞ்சுதல், செத்தாலும் துஞ்சுதல். சோழ ராசா குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அங்க குறட்டை விட்டவர் இல்லை, இறந்தவர்.

நித்திரைச் சொல்லால கெட்டுப்போனவர் எங்கட தீவின்ர ஆள்தான். இந்திராசனம் கேக்கப் போன கும்பகர்ணனுக்கு நாக்குப் புரண்டு, வாயில வந்தது நித்திராசனம். பிரமன் திருப்பிக் கேக்காமலே குடுத்திட்டார்.