முன்களத்தில் நின்றவர்கள்

சல்லி முத்துமாரியம்மன் ஆலயத்துக்குச் சென்றால் கடற்கரையில் சற்று நேரம் இருந்துவிட்டுத் திரும்புவது என் நெடுநாள் வழக்கம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளியைத் தாண்டி, சாம்பல்தீவுப் பக்கமாகப் போனால் வரும் சிறிய கடலோரக் கிராமம் இது. மீனவர் குடியிருப்பு, தோணிகள், அம்மன். வெளியூர் வாசகர்களுக்கு இவ்வளவு அறிமுகம் போதும்.

அண்மையில் அப்படி இருந்தபோது வாடி ஒன்றின் நிழலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அறுபதைக் கடந்தவர். "அண்ணன், என்னைத் தெரியுதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு தலைப்பை எழுத்துப் பிசகாமல் சொன்னார். அது எண்பதுகளின் தொடக்கத்தில் நான் எழுதிய தலைப்பு.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. உதைபந்தாட்டத்தில் முன்கள வீரர். வெறுங்காலுடன் மணலில் ஓடிப் பழகிய பையனுக்குப் புல்தரை கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை அவரிடம்தான் கண்டேன். ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். நானும் இளைஞன், எழுதும் கை துடித்துக்கொண்டிருந்த காலம். மைதான ஓரத்தில் யாரோ சொன்ன ஒரு பேச்சை நம்பி, கொழும்புத் தேர்வாளர்களின் பார்வை இவர்மீது விழுந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். அந்தச் செய்தியை நான் யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்தவில்லை. படத்துடன் வந்தது. ஊரே வாசித்தது.

பின்னர் நடந்ததை அன்று கடற்கரையில்தான் அறிந்தேன். கொழும்பிலிருந்து கடிதம் வருமென்று அந்தப் பையன் ஓராண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறார். தந்தையுடன் கடலுக்குப் போகவில்லை, காலில் அடிபட்டுவிடுமாம். பரீட்சைக்கும் தோற்றவில்லை. அவருடைய தாயார் தபாற்காரரை நாள்தோறும் விசாரித்திருக்கிறார். கடிதம் வரவில்லை. அதற்குள் நாட்டில் வேறு காலம் பிறந்துவிட்டது. அந்தப் பத்திரிகை நறுக்கு 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது.

"நீங்க எழுதினது எனக்கு இன்னும் பாடம்" என்றார் சிரித்துக்கொண்டே. அவரிடம் கோபமில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அரியலூர்க் கார்த்தியின் ஞாபகம் வந்தது. செல்வம் கார்த்தி என்ற பெயரை ஹொக்கி ரசிகர்கள் அறிவார்கள். 2001இல் தமிழகத்தின் அரியலூரில் பிறந்தவர்; காவலாளி ஒருவரின் மகன். கோவில்பட்டியில் தங்கிப் பயிற்சி பெற்றார். மானாவாரிப் பூமியான அந்த ஊரில் சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையைவிட ஹொக்கி மட்டையை முதலில் தூக்குவார்கள் என்பார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் பொய்யல்ல. 2022 மே 23ஆம் திகதி ஜகார்த்தாவில் ஆசியக் கிண்ணப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணியில் இறங்கினார். ஒன்பதாவது நிமிடத்தில் கோல். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. என் கையாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

2023 ஓகஸ்டில் சென்னை எழும்பூரிலுள்ள மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சம்பியன்ஸ் கிண்ணம் நடைபெற்றது. சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னிலையில் மலேசியாவுக்கு எதிராக ஒரு கோல், அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக இன்னொன்று. இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என வென்றது. அதன்பின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியில் அவர் பெயர் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. உலகக் கிண்ணத்துக்குப் பதினெட்டுப் பேரை அழைத்துச் செல்லலாம். ஒலிம்பிக்குக்குப் பதினாறு பேர்தான். அந்த இரண்டு இடங்களில் எத்தனை இளைஞர்களின் காலம் அடங்கியிருக்கிறது! உள்ளே போனவர்கள் வெண்கலத்துடன் திரும்பினார்கள். முன்கள வீரனைக் கோலை வைத்து அளக்கிறோம். தேர்வாளரோ கோல் போடாத நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று பார்க்கிறார். இரண்டு பேரும் நியாயவான்கள்தாம். புனேயின் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடியும் ஒரு பதக்கம் பெறவில்லை. இதற்கு எந்தத் தராசு?

அயர்லாந்தில் இருக்கும் என் உறவுக்காரப் பிள்ளை ஒன்று சென்ற ஆண்டுகளில் எனக்கு ஹேர்லிங் ஆட்டத்தைப் பழக்கிவிட்டது. பக்கத்துக்குப் பதினைந்து பேர், அகன்ற முனையுள்ள மரமட்டை. பந்து தரையில் கிடப்பதைவிட ஆகாயத்தில் பறப்பதே அதிகம். வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒன்று. ஆடுபவர்கள் சம்பளம் பெறுவதில்லை. திங்கட்கிழமை ஆசிரியர்களாகவோ மாணவர்களாகவோ திரும்பிப் போகிறார்கள். 2025இல் டிப்பரரி மாவட்ட அணியில் டாரா மக்கார்த்தி என்ற பத்தொன்பது வயது முன்கள வீரர் இருந்தார். கோர்க் அணியுடனான முன்ஸ்டர் ஆட்டம் ஒன்றில் ஆட்டம் தொடங்கும் முன்னரே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அரையிறுதியிலும் வெளியேற்றப்பட்டார். எங்கள் பக்கமாக இருந்தால் அத்தோடு அந்தப் பையனின் கதை முடிந்திருக்கும். நாங்கள் பத்திரிகைக்காரர்களே முடித்திருப்போம். ஆனால் டிப்பரரி அவரை இறுதியாட்டத்தில் இறக்கியது. ஜூலை 20ஆம் திகதி டப்ளின் குறோக் பார்க் அரங்கில் அதே கோர்க் அணிக்கு எதிராக ஒரு கோலும் பதின்மூன்று புள்ளிகளும் அவருடையவை. இடைவேளையில் ஆறு புள்ளிகள் பின்தங்கியிருந்த டிப்பரரி கிண்ணத்தை வென்றது.

சில வாரங்களில் மறுபடி சல்லிக்குப் போனேன். இம்முறை அவரைத் தேடியே போனேன். கார்த்தியின் ஜகார்த்தா கோலைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"கெட்டிக்காரப் பொடியன். பிறகு ஏன் அண்ணன் எடுக்கல்ல?"

ஒலிம்பிக்குக்குப் பதினாறு பேர்தான் என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவருக்கும் கடிதம் வரல்ல."

நான் அன்று எழுதியதை உறுதிப்படுத்தாமல்தான் எழுதினேன் என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்திய திருத்தம். "அது அப்பவே தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் கரைவலை இழுக்க ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கயிற்றின் முன்னணியில் போய் நின்றுகொண்டார்.