சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுவீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, எல்இடி விளக்குகளைப் பதிக்கிறார்கள். கீழிருந்து பார்க்க அழகுதான். கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கத்தைப் பற்றித்தான்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு மழையில் தளம் கசிந்தால், தண்ணீர் சீலிங் பலகையின் மேல்தான் தேங்கும். டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட் அங்கே கிடந்தால், 230 வோல்ட் ஓடும் இடம் நனைகிறது.

ஆகவே வயர் குழாய்க்குள் போக வேண்டும். ஜாயின்ட் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். எர்த் வயரை விடவே கூடாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், மின்கசிவு ஏற்பட்ட நொடியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும்.

தேக்குக் கட்டைகள் தளத்தைத் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. பாரம் தாங்கும் தேக்குக் கட்டையின் அடிவிளிம்பில் இழுவிசை அதிகம். வயர் கொண்டுபோக அங்கே வெட்டக் கூடாது. துளையிட்டே ஆகவேண்டுமென்றால், கட்டையின் உயரத்துக்கு நடுவில், சிறிதாக.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏற வேண்டும். சீலிங் மூடுமுன் வயர் போகும் வழியை வீட்டுக்காரர் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.