யாருக்காம்?

சங்கரன்கோவில் பக்கம் மல்லியும் பிச்சியும் நிறைய. விடியும் முன்னே பெண்கள் மொட்டுப் பறிக்கப் போவார்கள், எடைக்குத்தான் கூலி. அத்தைக்கு 31 வயதில் மாமா இறந்தார். தலையில் வைக்கும் பூ போனது, பறிக்கும் வேலை போகவில்லை. அவள் பறித்ததைச் சூட ஊரில் யாருக்கும் கூச்சமில்லை. வீட்டு வாசலில் பிச்சிக்கொடி வைத்தபோது மட்டும், "யாருக்காம்?" என்றார்கள். பிடுங்கிப் போட்டாள்.

அப்புறம் ஊட்டி போனபோது ஒரு ஹைட்ரேஞ்சியாத் தொட்டி வாங்கிவந்தாள். பந்து பந்தாக நீலப் பூ. யாரும் தலையில் வைக்காத பூ என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே மண் புளிப்பு, அதனால் நீலம். நம் கரிசலில் ரோஸாகிவிடும் என்று படித்துச் சொன்னேன். அதற்குக்கூட வழியில்லாமல் போனது. மொட்டுப் பிடிக்க வாரக்கணக்கில் குளிர் வேண்டும், இங்கே ஏது? வந்த பூ காய்ந்தபின் வெறும் இலைதான்.

ஆனாலும் வேப்பமர நிழலில் வைத்து இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றுகிறாள். மதியம் துவண்ட இலை பொழுது சாய நிமிர்கிறது.

"பூக்காத செடிக்கு எதுக்கு அத்தை இவ்வளவு தண்ணி?"

"உசுரோட இருக்குல்லா, ஏட்டி."

போன மாதம் வாசலில் மறுபடி பிச்சிப் பதியன் நட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டார்களாம், யாருக்கென்று. எனக்குத்தான் என்றாளாம்.