மலையை மறைக்கும் மேகம்: சில குறிப்புகள்

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் இலஞ்சியில் நின்று குற்றால மலையை முழுசாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். முதலில் உச்சி மறையும். கொஞ்ச நேரத்தில் மெயினருவிக்கு மேலுள்ள பாறைகளும் மறைந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை மட்டும் இருக்காது. குளிக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். தாழப் பறந்து வருகிறவருக்கு எதிரே பாறை இருப்பதே தெரியாதே என்று எனக்கு அடித்துக்கொள்ளும்.

*

புளியரை எஸ் வளைவில் மூடுபனி இறங்கினால் லாரிக்காரர்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்வார்கள். ரொம்ப மோசமென்றால் ஓரங்கட்டி டீ குடிப்பார்கள். சிறு விமானத்தை ஓரங்கட்ட வழியில்லை. வேகம் ஓரளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. மேகம் தாழத் தாழ விமானியும் தாழ்வார், கீழே தெரியும் ரோட்டையோ தண்டவாளத்தையோ பிடித்துக்கொண்டு போகப் பார்ப்பார். கணவாய்க்குள் நுழைந்தபின் திரும்ப நினைத்தால் அதற்கு அகலம் வேண்டும்.

*

குன்னூர், 2021 டிசம்பர் 8. சூலூரில் 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த வீடியோவில், அது வெள்ளை மூட்டத்துக்குள் போவது தெரிகிறது. பிறகு சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி போனார்.

இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது முப்படை விசாரணை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது என்பது முடிவு. 2024இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் காரணம் ‘மனிதத் தவறு’ என்று வந்தது. இரண்டு சொல்லில் இதை மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

*

உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம்தான் நாம் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகச் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால் அது அடங்கிவிடும். நேராகத்தான் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். கண் மட்டுமே அதைத் திருத்தும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி, மூன்று நிமிஷம்கூட இல்லை.

குன்னூரில் ஓட்டியவர்கள் தேர்ந்த விமானப்படைக்காரர்கள். கருவிகளை நம்பப் பழகியவர்கள். ஆனாலும் வெளியே பார்ப்பதை விட்டுக் கருவிக்கு மாறி மனசு நிதானப்படக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். மலைச்சரிவு அதைத் தருவதில்லை.

*

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1971 டிசம்பர் 9, மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். பட்டப்பகல். பார்வைதான் மங்கியிருந்தது.

*

சமவெளி என்றும் நம்பிவிட முடியாது. கணவாய்க் காற்றை நம்பி சுரண்டை, ஆலங்குளம் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் புதியவற்றின் இறக்கை நுனி 100 மீட்டரைத் தாண்டுகிறது. மேகத்துக்குக் கீழே தாழ்ந்து வருகிற விமானிக்கு அதுவும் ஒரு மலைதான்.

*

2009 செப்டம்பர் 2. சித்தூருக்குப் புறப்பட்ட ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் நல்லமலையில் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். சித்தூரில் அவருக்காக நிகழ்ச்சி ஒன்று காத்திருந்தது.

*

2023 ஜனவரி 25. ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் வந்த ஹெலிகாப்டர், சத்தியமங்கலம் காட்டில் கடம்பூர் மலையின் உகினியத்தில் இறங்கியது. எதிரே பனிமூட்டம். ஒரு மணி நேரம் போல இருந்து, வானம் வெளுத்ததும் கிளம்பினார்கள். ‘அவசரத் தரையிறக்கம்’ என்று பதற்றமாகச் செய்தி வந்தது. அந்த விமானியின் நிதானத்தைத்தான் தலைப்பில் போட்டிருக்க வேண்டும்.

மலை தாண்டி வருகிற தலைவருக்கு மேடைக்காரர்கள் நேரம் குறிக்கும்போது இரண்டு மணி நேரம் சேர்த்தே குறிக்கட்டும். மலையில் மேகம் இறங்கிவிட்டது, அதனால் தாமதம் என்று மைக்கில் சொன்னால் போதும். எங்கள் பக்கத்து ஜனங்கள் காத்திருப்பார்கள்.